சிவப்பு முதுகும் மஞ்சள் முதுகும் ஒரே பறவைதானா?

தென்னையிலோ பனையிலோ தொற்றிக்கொண்டு, வாலை ஊன்றி, தட்டித் தட்டி மேலேறும் பொன்முதுகு மரங்கொத்தியைப் பார்க்காதவர்கள் குறைவு. முதுகு பளிச்சென்ற மஞ்சள். தொண்டை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்குக் கொண்டையின் பின்பகுதி மட்டும். பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணம் போனாலும் இதே மஞ்சள்தான். அங்கிருந்து தெற்கே இறங்கி, காலி (Galle) நகரப் பக்கம் போய்ப் பாருங்கள். அதே உருவம், அதே தொண்டைப் புள்ளி, அதே கொண்டை; முதுகு மட்டும் குங்குமச் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே, இலங்கையின் வட-மத்தியப் பகுதியில், அதுவும் இல்லை இதுவும் இல்லை என்று ஆரஞ்சு முதுகோடு சில பறவைகள் திரிகின்றன.

இவை ஒரே பறவையா, வேறு வேறா? பறவையியலாளர்களே இதில் ஒரு நிலையில் நின்றதில்லை. சிவப்பு முதுகுக்காரனுக்கு 1793-லேயே தனிப் பெயர் வைத்தார்கள். பிறகு நெடுங்காலம் மஞ்சள் முதுகின் கிளை என்று சேர்த்து எழுதினார்கள். 2016-இல் சமிந்த பெர்னாண்டோ, டேரன் இர்வின், சம்பத் செனவிரத்ன மூவரும் உருவ அளவுகளையும் மரபணுவையும் சேர்த்து ஆராய்ந்து, இது தனி இனமேதான் என்று வாதிட்டார்கள். பெயர் மாறி மாறி வந்ததற்கு யாருடைய கவனக்குறைவும் காரணம் இல்லை. ஒரு பறவைக் கூட்டம் இன்னொன்றிலிருந்து பிரிவது ஒரு நாளில் நடப்பதில்லை. பாதி வழியில் இருக்கும்போது பார்த்தால் இப்படித்தான் குழப்பமாக இருக்கும். அந்தப் பாதி வழியை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சொல். ஒரே இடத்தில் வாழ்ந்து, தங்களுக்குள் இணைசேர்ந்து, குஞ்சு பொரிக்கும் பறவைகளின் தொகுதியை 'இனக்கூட்டம்' என்பார்கள். பரவலாக வாழும் ஓர் இனம் உண்மையில் இப்படிப் பல இனக்கூட்டங்களின் சங்கிலி. கண்ணிகளுக்கு இடையே பறவைகள் போய் வந்துகொண்டிருந்தால் சங்கிலி ஒரே மாதிரி இருக்கும். போக்குவரத்து குறைந்தால் ஒவ்வொரு கண்ணியும் தன் பாட்டுக்குப் போகத் தொடங்கும்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்களேன். யாழ்ப்பாணத்தில் 'இஞ்ச', நெல்லையில் 'இங்கன', சென்னையில் 'இங்க'. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்து மாற்றவில்லை. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றங்கள் தாமாக வந்தன. அடிக்கடி பேசிப் பழகுகிறவர்களிடையே பரவின. பழகாதவர்களிடம் போய்ச் சேரவில்லை. மரபணுவிலும் கிட்டத்தட்ட இதே கதை. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம். பறவைக்கு அது 100 கோடி எழுத்துகளுக்கு மேல். தலைமுறைதோறும் படியெடுக்கும்போது அங்கொன்று இங்கொன்று பிழை விழும். அதில் பெரும்பாலானவை நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. எந்தப் பிழை நிலைக்கும், எது மறையும் என்பது சின்னக் கூட்டத்தில் வெறும் குருட்டு அதிர்ஷ்டம். சில பிழைகள் மட்டும் அந்த ஊர் வெயிலுக்கோ மழைக்கோ உதவும். அவை இயற்கைத் தேர்வால் தங்கும். வெளியிலிருந்து வந்து இணைசேரும் பறவைகள் இந்த வித்தியாசத்தை எல்லாம் கலைத்து ஒன்றாக்கிவிடும். இதை மரபணு ஓட்டம் என்கிறார்கள்.

இந்த ஓட்டம் எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் வலிமையானது. தலைமுறைக்கு ஒன்றிரண்டு பறவைகள் வந்து கலந்தாலே போதும், வெறும் அதிர்ஷ்டத்தால் இரு கூட்டங்கள் பெரிதாகப் பிரிந்துபோவதைத் தடுத்துவிடும் என்பது சூயல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளரின் கணக்கிலிருந்து வந்த விதி. அதனால்தான் மரங்கொத்திகள் இந்த ஆய்வுக்குத் தோதான பறவைகள். பெரும்பாலான மரங்கொத்திகள் வலசை போவதில்லை. பொந்து குடைய ஏற்ற மரம், கொத்தித் தின்னப் பூச்சி, இரண்டும் இருக்கும் இடத்திலேயே ஆண்டு முழுக்க இருந்துவிடும். நடுவே மரமில்லாத வெளியோ கடலோ வந்தால் தாண்டத் தயங்கும்.

சரி, 'பிரிந்திருக்கிறது' என்பதை எண்ணாக எப்படிச் சொல்வது? ரைட் தந்த அளவுகோலுக்கு எஃப்எஸ்டி என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

டிஎன்ஏ-வில் ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். அந்த இடத்தில் சில பறவைகளுக்கு ஏ, சிலவற்றுக்கு ஜி. வடக்குக் கூட்டத்தில் 90 விழுக்காடு ஏ. தெற்குக் கூட்டத்தில் 10 விழுக்காடுதான் ஏ. வடக்குக் கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எழுத்துகளை எடுத்தால், அவை வேறு வேறாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 2 × 0.9 × 0.1, அதாவது 0.18. தெற்கிலும் அதே 0.18. இப்போது இரண்டு கூட்டத்தையும் ஒரே குடத்தில் கொட்டிக் கலக்கிவிட்டு எடுத்தால்? குடத்தில் ஏ-யும் ஜி-யும் பாதிக்குப் பாதி, வாய்ப்பு 0.5. ஆக மொத்த வித்தியாசம் 0.5, அதில் கூட்டத்துக்குள்ளேயே இருப்பது 0.18; மீதி 0.32 கூட்டங்களுக்கு இடையில் இருப்பது. 0.32-ஐ 0.5-ஆல் வகுத்தால் 0.64. இதுதான் எஃப்எஸ்டி. பூஜ்யம் என்றால் பிரிவே இல்லை. 1 என்றால் முழுப் பிரிவு. அதே கணக்கை 55 விழுக்காடு, 45 விழுக்காடு என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 0.01 வரும். அதாவது மொத்த வித்தியாசத்தில் 99 பங்கு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கூட்டங்களுக்கு இடையே இருப்பது ஒரே ஒரு பங்கு.

இதை ஆயிரக்கணக்கான, இப்போதெல்லாம் லட்சக்கணக்கான இடங்களில் செய்து சராசரி பார்க்கிறார்கள். சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதற்கு மிகச் சிறந்த சாட்சி வட அமெரிக்காவின் ஃப்ளிக்கர் மரங்கொத்தி.

ஃப்ளிக்கர் கொஞ்சம் விசித்திரமான மரங்கொத்தி. மரத்தைவிடத் தரையில் எறும்பு பொறுக்குவதில்தான் அதற்கு ஆசை. கண்டத்தின் கிழக்கில் இருப்பதற்கு இறகின் நடுத்தண்டும் சிறகின் அடிப்பக்கமும் மஞ்சள். மேற்கில் இருப்பதற்கு இளஞ்சிவப்பு. வித்தியாசம் அதோடு நிற்கவில்லை. கிழக்கு ஆணுக்குக் கறுப்பு மீசை, மேற்கு ஆணுக்குச் சிவப்பு மீசை. கிழக்கில் தொண்டை பழுப்பு, உச்சி சாம்பல்; மேற்கில் நேர்மாறாகத் தொண்டை சாம்பல், உச்சி பழுப்பு. கிழக்கில் பிடரியில் பிறை போல ஒரு சிவப்புக் கீற்று உண்டு, மேற்கில் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சின்னப் பிள்ளைகூட 'ரெண்டு பறவை' என்று சொல்லிவிடும். 1973 வரை அமெரிக்கப் பறவையியலாளர்களின் அதிகாரபூர்வப் பட்டியலும் அப்படித்தான் சொன்னது.

ஆனால் ராக்கி மலைத்தொடரின் கிழக்கு ஓரமாக, டெக்சாஸ் முதல் அலாஸ்கா வரை நீளும் ஒரு பட்டையில் இரண்டும் தாராளமாகக் கலக்கின்றன. ஓவியர் ஆடுபான் 1843-இல் மிசௌரி ஆற்றின் மேற்பகுதிக்குப் போனபோதே, இந்த இரண்டுங்கெட்டான் பறவைகளைக் கண்டு திகைத்தார். ஒன்றுக்கு மீசையில் சிவப்பும் கறுப்பும் கலந்திருக்கும்; இன்னொன்றுக்குச் சிறகு ஆரஞ்சு; மூன்றாவதற்கு முகம் கிழக்கு, மீசை மேற்கு. இப்படி இரு கூட்டங்கள் சந்தித்துக் கலக்கும் பட்டையைக் கலப்பு மண்டலம் என்கிறார்கள்.

கலப்புப் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கும், அதனால்தான் பட்டை அகலாமல் ஒடுங்கி நிற்கிறது என்று பலர் நினைத்தார்கள். வில்லியம் மூர் என்ற ஆய்வாளர் கூடுகளை எண்ணிப் பார்த்தார். கலப்புப் பறவைகள் முட்டையிலும் குஞ்சிலும் தூய பறவைகளுக்குச் சளைத்தவையாக இல்லை. கிழக்கின் ஈரமும் மேற்கின் வறட்சியும் சந்திக்கும் அந்த இடைநிலத்தில் கலப்புப் பறவையே நன்றாகப் பிழைக்கிறது, அதனால்தான் பட்டை அங்கேயே நிற்கிறது என்பது மூர் முன்வைத்த கருத்து. மரபணு வரையும் எல்லையை இங்கே சூழல் பிடித்து நிறுத்துகிறது. இந்தத் துறை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் எண்ணம் இது. ஆனால் எல்லை கல்வெட்டில் பொறித்ததும் அல்ல. 1955 முதல் 1957 வரை லெஸ்டர் ஷார்ட் என்ற பறவையியலாளர் அமெரிக்காவின் பிளாட் (Platte) ஆற்றோரம் சேகரித்துப் பாடம் செய்து வைத்த பறவைகளோடு, அறுபது ஆண்டு கழித்து அதே ஆற்றோரம் எடுத்தவற்றை ஒப்பிட்டபோது, மண்டலத்தின் மையம் சுமார் 73 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்திருந்தது. அருங்காட்சியக இழுப்பறையில் பஞ்சடைத்து வைத்த பறவைக்கு இப்படி ஒரு பயன் இருக்கும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்!

மரபணுவுக்கு வருவோம். இவ்வளவு வேறுபட்ட தோற்றம் கொண்ட இரு ஃப்ளிக்கர்களின் டிஎன்ஏ-வைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி அகியோனும் உடன் ஆய்வாளர்களும் ஒப்பிட்டார்கள். கிடைத்தது கிட்டத்தட்ட வெறுங்கை. மொத்த மரபுத்தொகுதியின், அதாவது முழு டிஎன்ஏ வாசகத்தின், சராசரி எஃப்எஸ்டி பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் சராசரியை விட்டுவிட்டு, ஒவ்வோர் இடமாகத் தேடியபோது, சமவெளியில் நெட்டுக்குத்தாக நிற்கும் பாறைகளைப் போல ஒருசில இடங்களில் மட்டும் பிரிவு உயர்ந்து தெரிந்தது. அந்த இடங்களில் இருந்தவை நிறத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள்.

அவற்றில் ஒன்றின் கதை சுவையானது. சிஒய்பி2ஜே19 என்று அதற்குப் பெயர். வாயில் நுழையாத பெயர்தான், செய்யும் வேலை எளிது. மஞ்சள் நிறமியைப் பறவையால் தானாகச் செய்துகொள்ள முடியாது. தின்னும் இரையிலிருந்து கரோட்டினாய்டு என்ற நிறமியைப் பெறுகிறது. அந்த மஞ்சள் கரோட்டினாய்டில் ஆக்சிஜனைச் சேர்த்துச் சிவப்பாக்கும் நொதியை உண்டாக்குவதுதான் இந்த மரபணு. சிவப்புக் கேனரிப் பறவைகளையும், அலகு மஞ்சளாகிப்போன வரிக்குதிரைச் சிட்டுகளையும் ஆராய்ந்து 2016-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஃப்ளிக்கரிலும் சிவப்பு, மஞ்சள் பிரிவோடு இது ஒட்டி நிற்கிறது. 100 கோடி எழுத்துள்ள வாசகத்தில் சில வரிகள் மாறியதால் பறவை ஆளே மாறிப்போனதுபோலத் தெரிகிறது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம், மரபுத்தொகுதிக்குச் சின்ன வித்தியாசம்.

இங்கே ஒரு கிளைக்கதை. இதைச் சொல்லாமல் ஃப்ளிக்கரை விட மனமில்லை. கிழக்கில், கலப்பு மண்டலத்திலிருந்து வெகு தொலைவில், மஞ்சள் இறகுக்கு நடுவே சிவப்பு இறகு முளைத்த ஃப்ளிக்கர்கள் அவ்வப்போது அகப்பட்டன. மேற்கு மரபணு இவ்வளவு தூரம் வந்துவிட்டதா என்று சந்தேகப்பட்டார்கள். இறகைப் பிரித்தெடுத்து வேதியியல் சோதனை செய்ததும் குட்டு வெளிப்பட்டது. அந்தச் சிவப்பு, மேற்கு ஃப்ளிக்கரின் உடம்பு செய்யும் சிவப்பே அல்ல. ஆசியாவிலிருந்து தோட்ட அலங்காரத்துக்குக் கொண்டுவந்து காடாகப் பரவிய ஹனிசக்கிள் புதரின் பழத்தில் உள்ள ரோடோசாந்தின் என்ற நிறமி அது. இறகு முளைக்கும் பருவத்தில் பழத்தைத் தின்றது, இறகு சிவந்தது. அவ்வளவுதான். மரபணுவுக்கு இதில் பங்கே இல்லை. நிறத்தைப் பார்த்ததும் 'கலப்பு' என்று முத்திரை குத்துவதற்கு முன் அது என்ன சாப்பிட்டது என்று கேட்கவேண்டும் போலிருக்கிறது.

இப்போது நேரெதிரான ஓர் உதாரணம். அதே வட அமெரிக்காவில் ஹேரி மரங்கொத்தி என்று ஒன்று உண்டு. கறுப்பு வெள்ளையில், முதுகின் நடுவே அகலமான வெள்ளைப் பட்டையோடு இருக்கும். அலாஸ்காவிலிருந்து பனாமா வரை பரவியிருக்கிறது. துணையினங்கள் என்று பதினைந்துக்கும் மேல் பிரித்து வைத்திருக்கிறார்கள். வடக்கின் ஊசியிலைக் காட்டில் இருப்பது பெரிய உருவம், வெள்ளை வெளேரென்ற வயிறு. பசிபிக் கரையோரத்து மழைக்காட்டில் வயிறு புகையடித்ததுபோல் மங்கல். சிறகில் வெள்ளைப் புள்ளிகளும் குறைவு. கோஸ்டா ரிக்காவின் மலைக்காட்டில் உருவமே சிறுத்து, வயிறு பழுப்பாகிவிடுகிறது. ஆனால் ஃப்ளிக்கர் போல 'இதோ இங்கே கோடு' என்று காட்ட முடியாது. பல இடங்களில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக மாறிக்கொண்டே போகிறது. கண்ணால் பார்த்தால் ஒரே பறவையின் பல சாயல்கள்.

2011-இல் ஜான் கிளிக்காவும் குழுவினரும் இதன் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வை (தாய்வழியில் மட்டும் வரும் ஒரு குட்டி டிஎன்ஏ, பின்னால் விளக்குகிறேன்) கண்டம் முழுக்கச் சேகரித்துப் பார்த்தபோது மூன்று தெளிவான பரம்பரைகள் வந்தன. வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஒன்று. மேற்கும் தென்மேற்கும் ஒன்று. கோஸ்டா ரிக்கா, பனாமா மலைகளில் ஒன்று. பதினைந்துக்கு மேற்பட்ட துணையினங்கள் எங்கே, மூன்று பரம்பரைகள் எங்கே? உருவத்தை வைத்துப் போட்ட கோடுகளில் பலவற்றை மரபணு கண்டுகொள்ளவே இல்லை. உருவம் தயங்கிய இடத்திலோ அது ஆழமாகக் கோடு கிழித்திருந்தது.

இந்தக் கோடுகள் எப்படி வந்தன என்பதற்குப் பனியுகம்தான் முக்கியச் சந்தேகநபர். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய கனடாவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. அங்கே மரமும் இல்லை, மரங்கொத்தியும் இல்லை. காடு எங்கெங்கே துண்டு துண்டாக மிஞ்சியதோ அங்கே பறவைகளும் ஒதுங்கின. இப்படிப்பட்ட ஒதுங்கிடங்களில் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் ஒன்றையொன்று பார்க்காமலே கழிந்தன; பனியுகம் ஒருமுறை அல்ல, பலமுறை வந்து போனது. பனி உருகியதும் காடு வடக்கே நகர, பறவைகளும் கூடவே பரவின. வேகமாகப் பரவும் கூட்டத்தில் ஒரு அடையாளம் இருக்கும்: பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவையும் கிட்டத்தட்ட ஒரே மைட்டோகாண்ட்ரியா வாசகத்தைச் சுமக்கும், ஏனென்றால் எல்லாம் அண்மையில் ஒரே சிறு கூட்டத்திலிருந்து கிளம்பியவை. வடக்குப் பரம்பரை அப்படித்தான் தெரிகிறது.

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் இந்த உறுப்புக்குத் தனியாக ஒரு குட்டி டிஎன்ஏ உண்டு. பறவைகளில் ஏறத்தாழ 17,000 எழுத்துகள். இது தாயிடமிருந்து மட்டுமே வரும். அதனால் இது சொல்வது தாய்வழிக் கதை மட்டும். அப்பா எங்கிருந்து வந்தார் என்று இதற்குத் தெரியாது. எடுப்பதும் படிப்பதும் எளிது என்பதால் நீண்ட காலம் எல்லாரும் இதையே நம்பினார்கள். செல்லின் உட்கருவில் இருக்கும் பெரிய டிஎன்ஏ-வைப் படிக்கும் செலவு குறைந்த பிறகுதான், பல பறவைகளில் இரண்டும் வேறு வேறு கதை சொல்வது தெரிந்தது. என் கணக்கில், மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் வைத்து 'புது இனம்' என்று எழுதும் செய்தியைப் கொஞ்சம் சந்தேகத்தோடு எடுத்துக்கொள்வது நல்லது.

இதுவரை மரபணு வேறுபாடு. சூழலியல் வேறுபாடு என்பது இன்னொரு கேள்வி: இந்தக் கூட்டங்கள் வேறு வேறு விதமாகப் பிழைக்கின்றனவா? எங்கே பொந்து குடைகிறது, எந்த மரத்தில் எந்த ஆழத்தில் இரை தேடுகிறது, எவ்வளவு மழையும் குளிரும் தாங்குகிறது என்பதெல்லாம் இதில் அடங்கும். பறவை பார்க்கப்பட்ட இடங்களை எல்லாம் வரைபடத்தில் குறித்து, ஒவ்வோர் இடத்தின் வெப்பம், மழை, உயரம், காட்டுவகை ஆகியவற்றை எடுத்து, அந்தக் கூட்டம் வாழ்வதற்கான சூழல் எல்லையைக் கணினியில் வரைவது வழக்கமான முறை. இரு கூட்டங்களின் எல்லைகள் எவ்வளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பதைப் பார்த்தால் ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

உருவத்தோடு சூழல் பின்னிக்கிடக்கும் விதத்துக்கு இரண்டு பழைய விதிகள் உண்டு. குளிர்ந்த இடத்தில் உடல் பெரிதாகும் என்றார் பெர்க்மன், 1847-இல். பெரிய உடம்பு சூட்டை எளிதில் இழக்காது. ஈரமான இடத்தில் நிறம் கருக்கும் என்பது 1833-இல் எழுதிய குளோகரின் பெயரால் வழங்கும் விதி. ஏன் கருக்கிறது என்பதற்கு விளக்கங்கள் பல: ஈரக்காட்டின் இருளில் மறைந்துகொள்ள, ஈரத்தில் வளரும் நுண்ணுயிரிகள் இறகை அரிக்காமல் இருக்க. கறுப்பு நிறமியான மெலனின் இறகைக் கெட்டியாக்கும் என்பது இரண்டாவது விளக்கத்துக்குத் துணை. ஹேரி மரங்கொத்தி இரண்டு விதிக்கும் பாடப்புத்தக உதாரணம். இன்னும் வேடிக்கை, அதைவிடச் சிறிய டௌனி மரங்கொத்தியும் அதே கண்டத்தில் அதே போக்கில் மாறுகிறது. இரண்டும் நெருங்கிய உறவு அல்ல. ஒரே வெயிலும் மழையும் இரண்டையும் ஒரே திசையில் செதுக்கியிருக்கின்றன.

பொன்முதுகிலும் இதைப் பார்க்கலாம். பாகிஸ்தானிலும் இந்தியாவின் வறண்ட வடமேற்கிலும் இருப்பது வெளிறிய மஞ்சள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்து மழையில் இருப்பது பசுமை கலந்த மங்கல் நிறம். அந்த மழைக்காட்டுத் துணையினத்துக்கு 1934-இல் சாலிம் அலியின் மனைவி தெஹ்மினாவின் பெயரை வைத்தார்கள். தென்னிந்தியச் சமவெளியில் இருப்பது பளிச்சென்ற பொன்மஞ்சள்.

ஆனால் சூழலோடு ஒத்துப்போகிற வித்தியாசம் எல்லாம் மரபணுவில் எழுதப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஹனிசக்கிள் கதையை மறக்க வேண்டாம். நல்ல தீனி கிடைத்த குஞ்சு பெரிதாக வளரும். அதே குஞ்சு வேறிடத்தில் பொரித்திருந்தால் சிறுத்திருக்கும். அப்புறம், கூட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பேசும் முன் கூட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். ஹிஸ்பானியோலா தீவின் மரங்கொத்தியில் ஆணின் அலகு பெண்ணின் அலகைவிட ஐந்தில் ஒரு பங்கு நீளம். ஆண் துளைக்குள் ஆழமாகத் துழாவும். பெண் மரப்பட்டையின் மேல்பரப்பில் பொறுக்கும். ஒரே கூட்டம், ஒரே கூடு, இரண்டு பிழைப்பு. ஒரு காட்டில் ஆண்களையும் இன்னொரு காட்டில் பெண்களையும் அதிகமாகப் பிடித்து அளந்தால், இல்லாத சூழலியல் வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிட முடியும்!

இந்தக் கருவிகளோடு இலங்கைக்குத் திரும்புவோம். பனியுக உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை அப்போது வெறும் தரை. மரங்கொத்தி கடல் தாண்டவேண்டிய தேவையே இருந்திருக்காது. மரம் மரமாகத் தாவியே போயிருக்கலாம். கடல் ஏறியதும் வழி அடைந்தது. தீவுக்குள்ளும் இரண்டு உலகம். தென்மேற்கில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டும் ஈர வலயம். வடக்கிலும் கிழக்கிலும் 1,750 மில்லிமீட்டருக்குக் கீழான உலர் வலயம். செம்முதுகு தெற்கிலும் ஈரத்திலும், பொன்முதுகு வறண்ட வடக்கில். நிறத்தை மட்டும் பார்த்தால் கதை முடிந்ததுபோல் இருக்கிறது: இரண்டு கூட்டம், நடுவே ஆரஞ்சுக் கலப்பு.

மரபுத்தொகுதியைப் பரவலாகப் படித்தபோது கணக்கு இரண்டில் நிற்கவில்லை, மூன்று வந்தது. தெற்கே செம்முதுகு ஒன்று. வடக்கே பொன்முதுகு என்று ஒன்றாக எண்ணியிருந்தது உண்மையில் இரண்டு கூட்டங்கள். கையில் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது, டிஎன்ஏ-வில் தெரிகிறது. கலப்பும் சரிசமமாக நடக்கவில்லை. செம்முதுகின் மரபணுக்கள் வடக்கே அதிகமாக ஊடுருவியிருக்கின்றன. அப்படி ஊடுருவியும் வடக்குப் பறவையின் முதுகு மஞ்சளாகவே இருக்கிறது. மற்ற மரபணுக்களுக்கு எல்லை திறந்திருக்கிறது, நிறத்துக்கு மட்டும் கதவு சாத்தியிருக்கிறது. வறண்ட வெளியில் மஞ்சளுக்கும் ஈரக்காட்டில் சிவப்புக்கும் ஏதோ ஆதாயம் இருக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல தடயம்.

ஃப்ளிக்கரில் நிறம் பிரித்த இடத்தில் மரபணு ஏறக்குறைய பிரிக்கவில்லை. ஹேரியில் நிறம் மழுப்பிய இடத்தில் மரபணு பிரித்தது. இலங்கையில் ஒரே தீவுக்குள் இரண்டும் நடக்கிறது. ஃப்ளிக்கர் இரண்டையும் பட்டியல் 1973-இல் ஒன்றாக்கியது. கூடவே சேர்த்த பாலைவனத்துப் பொன் ஃப்ளிக்கரை 1995-இல் மறுபடி பிரித்துவிட்டது. இனம் என்பதற்கு எஃப்எஸ்டி இவ்வளவு வந்தால் போதும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. கலப்பு மண்டலம் ஒடுங்கி நிற்கிறதா, நிறம், மரபணு, சூழல் மூன்றில் எத்தனை ஒரே இடத்தில் கோடு போடுகின்றன என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், செம்முதுகைத் தனி இனமாக வைத்தது நியாயம்தான். ஆனால் அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அந்த இரண்டு பொன்முதுகுகளை என்ன செய்யப்போகிறார்கள் என்பதில்தான் எனக்கு ஆவல்.

இலங்கைக்குப் போகிறவர்கள் அநுராதபுரம் பக்கம் மரங்கொத்திச் சத்தம் கேட்டால் நின்று பாருங்கள். முதுகு சிவப்பாகத் தெரிந்ததும் எழுதிவிட வேண்டாம். முதலில் அலகைப் பாருங்கள். அலகு பெரிதாக, தந்தம் போல வெளிறியிருந்தால் அது இந்தக் கதையிலேயே வராத வேறொரு பேரினத்துச் செம்முதுகு மரங்கொத்தி. அலகு கறுத்திருந்தால் நம் ஆள்தான். அப்புறம் முதுகு. மஞ்சளா, சிவப்பா, ஆரஞ்சா, அல்லது மஞ்சளுக்கு நடுவே நாலு இறகு மட்டும் சிவந்திருக்கிறதா? வெயில் மேலே விழும்போது ஒரு நிறம், நிழலில் இன்னொரு நிறம் காட்டும். அது மரத்தைச் சுற்றி மறுபக்கம் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கவேண்டியிருக்கும்.